இரண்டு தட்டு

மச்சினன் தம்மாமிலிருந்து கொடுத்துவிட்டான்.
படுத்துக்கொண்டே படம் பார்க்கலாமாம்.
கழுத்தில் துளையோடு
திருவனந்தபுரத்திலிருந்து திரும்பியவனுக்குப்
படமா பெரிது?
மூன்று வாரம் அதன்மேல் மருந்து அட்டைகள் கிடந்தன.
'டேப்லெட்டுக்க மேல டேப்லெட்' என்றாள் லில்லிபாய்.
அந்த மாதம் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

பிறகு கடை திறந்தேன்.
அருமனையிலிருந்து களியல் போகிற ரோட்டில்
ஆணி, பைப், ரப்பர்பால் பிடிக்கிற கப்பு, கம்பி.
முதலில் அதை வைத்து ஈ விரட்டினேன்.
கரண்ட் போன ஒரு சாயங்காலம்
பியூஸ் கம்பி தேட வெளிச்சமாயிற்று.
அதற்குள் ரசமட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தது
கொத்தன் மரியவின்சென்ட்.
தன்னுடையதை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாள்
இதை வாங்கிப்போய்ச் சுவரில் சாய்த்துப் பார்த்து
நான்கு சிமெண்ட் விரல்களோடு திருப்பித் தந்தான்.
என்ன வாஷர் என்று சொல்லத் தெரியாதவர்களுக்குப்
படத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம்.
கோட்டயத்தில் ஷீட் என்ன விலை என்று
காலையிலேயே பார்த்துச் சொல்லலாம்.
சொல்லலாம் என்பது பேச்சுக்கு.
பலகையில் எழுதி வைத்தேன்.

பேசவும் செய்யும் என்றான் மகன் ஜெபின்.
எழுதினால் போதும், அது வாசிக்கும்.
வாசித்தது.
செய்தி சொல்கிற பெண் ஒருத்தி
என் சட்டைப்பைக்கு முன்னால் நின்று பேசினாள்.
'யாரு இவ?' என்று அடுக்களையிலிருந்து குரல்.

குடிக்க வெள்ளம் கேட்டால்
கரையோர மக்களை வெளியேறச் சொல்கிற தொனி.
பறஞ்சேன் என்று எழுதினால்
பறந்தேன் என்று திருத்திவிடுகிறாள்.
எங்கே பறந்தேன்,
தையல் பிரித்து எட்டே நாளான இந்தக் கழுத்தோடு?
மரச்சீனி அவள் வாயில் பட்டதே இல்லை,
சொல்லும்போதே தெரிந்தது.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்.
இரண்டு வருடமாய் 'நாளைக்கு' என்றே சொல்லிவந்த
எஸ்டேட் கங்காணி தங்கப்பனிடம்
'தாங்கள் செலுத்த வேண்டிய தொகை
நான்காயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்' என்றாள்.
அவர் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
மறுநாள் ரூபாய் வந்தது,
தொண்டை இருந்த காலத்தில் நான் கத்தியும் வராத ரூபாய்.

ஆனாலும் வீட்டில்
அவளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது.
ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து
சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தாள் லில்லிபாய்.
'கொண்டா, நான் பறஞ்சு தாறேன்.'
ஜெபின் திரையில் கட்டம் கட்டமாய்ப் போட்டான்.
அமுக்கினால் அவள் குரல்.
வெள்ளம் கொண்டா.
எனக்க கண்ணாடி எங்க?
உப்பு கூடிப்போச்சு
(இதைச் சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆனது).
அரை இஞ்சு பைப் இல்ல, நாளைக்கு வரும்.
வேண்டாம்.
வேண்டாம்னா வேண்டாம்.
கூடவே குக்கர் விசிலும் ஒரு கோழியும்
ரப்பர் இலையில் விழுகிற மழையும் பதிந்துவிட்டன.

இப்போது மீசை வைத்த நான்
லில்லிபாயின் குரலில் பேரம் பேசுகிறேன்.
யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை.
'இன்னும் கொஞ்சம் சோறு' என்று அவள் வற்புறுத்தினால்
கடைசிக் கட்டத்தை அமுக்குவேன்.
தன் குரலோடு தானே எவ்வளவு நேரம் சண்டை போடுவாள்.
கரண்டியைப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு கட்டம் மட்டும் காலி.
அவளைக் கூப்பிட என்று வைத்தது.
'என்னை நானே கூப்பிடுகதா? பைத்தியமா ஒனக்கு'
என்று எழுந்துவிட்டாள் அன்று.
செய்திக்காரியைக் கூப்பிட வைத்துப் பார்த்தேன், ஒரே தடவை.
லில்லிபாய் திரும்பவில்லை.
வேறு யாரையோ என்று நினைத்தாளாம்.

அதனால் டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்து
பின்பக்கத் தகட்டில்
விரல் முட்டியால் இரண்டு தட்டு.
கிணற்றடியில் நின்றாலும் கேட்கிறது அவளுக்கு.
'என்னவாம்' என்று வருகிறாள், கையெல்லாம் மாவு.

இதற்குச் சார்ஜ்கூட வேண்டாம்.